சரிகை கட்டிய ஃபியூஸ்

புதிதாக மின் வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களையெல்லாம் போன வாரம் பயிற்சிக் கூடத்தில் பார்த்தேன். கனமான அங்கி, கண்ணாடி வைத்த முகக்கவசம், முழங்கை வரை கையுறை. தேன்கூடு கலைக்கக் கிளம்பியவர்கள் போல் நின்றீர்கள். முதலில் சிரிப்பு வந்தது, பிறகு பொறாமையாக இருந்தது. உங்களில் ஒருவர் பக்கத்தில் இருப்பவரிடம், "ஒரு சுவிட்சைப் போட இத்தனை வேஷமா?" என்று முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. எனக்குக் காது இன்னும் நன்றாகக் கேட்கிறது.

அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். நான் செய்த தப்பு என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்வேன். அடுத்தவன் தப்பாக இருந்தால் நாலு வரியில் முடித்துவிட்டுப் போயிருப்பேன்.

அறுபத்தொன்பதாம் வருஷமோ எழுபதோ இருக்கும். நான் காஞ்சிபுரத்துத் தறிக்கார வீட்டுப் பிள்ளை. வீட்டில் இரண்டு தறி ஓடிக்கொண்டிருந்தது. எனக்கோ ஒரே இடத்தில் உட்காரும் பொறுமை கிடையாது. வயர்மேன் லைசென்ஸ் வாங்கி, ஊரிலிருந்த ஒரு மின் காண்டிராக்டரிடம் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். அதே மாதம் சேர்ந்தவன் முனிரத்தினம். முசரவாக்கத்து விவசாயக் குடும்பம். தினமும் சைக்கிளில் வருவான். என் வயதுதான், ஆனால் அப்போதே கல்யாணமாகிக் கைக்குழந்தை இருந்தது. எங்கள் இருவரையும் ஜோடியாகத்தான் வேலைக்கு அனுப்புவார்கள்.

முனிரத்தினத்தைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை என்று அப்போது நினைத்தேன். கத்திரி வெயிலிலும் முழுக்கைப் பருத்திச் சட்டைதான் போடுவான், மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்ற மாட்டான். மெயின் சுவிட்சைப் போடும்போது பெட்டிக்கு எதிரே நிற்கவே மாட்டான். வலது ஓரமாக ஒதுங்கிச் சுவரோடு ஒட்டிக்கொள்வான். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, கண்ணை மூடி, இடது கையால் கைப்பிடியைத் தள்ளுவான்.

"இன்னாபா, புதுப்பொண்ணு மாதிரி மூஞ்சியத் திருப்பிக்கினு நிக்கற?" என்று நான் கேலி செய்வேன்.

"பொட்டிக்குள்ள இன்னா இருக்குதுன்னு எனக்குத் தெரியாது. அதுக்கு எதுக்கு நான் மூஞ்சியக் காட்டணும்?" என்பான்.

அவர்கள் ஊர்க் கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டர் ஒருமுறை ஒருவர் முகத்துக்கு நேரே வெடித்ததை அவன் பார்த்திருந்தான். நாங்கள் யாரும் பார்த்ததில்லை. எங்களுக்கெல்லாம் ஷாக் ஒன்றுதான் பயம். கம்பியைத் தொட்டால் அடிக்கும், தொடாவிட்டால் ஒன்றும் செய்யாது, அவ்வளவுதான் எங்கள் ஞானம். தொடாமலே ஆளைச் சுடும் ஒன்று அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது என்று சொன்னால் சிரித்திருப்போம். அதற்கு ஒரு பெயர்கூட எங்களிடம் இல்லை. எங்கேயாவது நடந்துவிட்டால், "மெயினு மூஞ்சில அடிச்சிடுச்சாம்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம்.

இப்போது என் வித்தைக்கு வருகிறேன். தறிக்கார வீட்டுப் பிள்ளை என்பதால் என் சட்டைப் பையில் எப்போதும் வெட்டிப் போட்ட சரிகை இழை கொஞ்சம் கிடக்கும். சரிகை என்றால் உள்ளே சிவப்புப் பட்டு நூல், அதைச் சுற்றி வெள்ளித் தகடு, மேலே தங்க முலாம். ஒரு கல்யாண வீட்டில் ஃபியூஸ் போய் விளக்கெல்லாம் அணைந்துவிட்டது. கையில் ஃபியூஸ் கம்பி இல்லை. மாப்பிள்ளை வீட்டார் வாசலில் நிற்கிறார்கள். நான் நாலு இழைச் சரிகையை முறுக்கி, ஃபியூஸ் கம்பி கட்டும் பீங்கான் கட்டையில் கட்டிச் செருகினேன். விளக்கு எரிந்தது. அன்றைக்கு எனக்குக் கிடைத்த மரியாதை மாப்பிள்ளைக்குக்கூடக் கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து அது என் வழக்கமாகிவிட்டது. "சரிகைக்காரரு வந்துட்டாருப்பா, இனிமே கவலையில்ல" என்று கடைத்தெருவில் சொல்வார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். வெள்ளியில் மின்சாரம் தாராளமாக ஓடும் என்பது எனக்குத் தெரியும். அப்படித் தாராளமாக விடுவது ஃபியூஸின் வேலையே இல்லை என்பதை மட்டும் நான் யோசிக்கவில்லை. அளவுக்கு மேல் மின்சாரம் வந்தால் தான் உருகி, மற்றதைக் காப்பாற்ற வேண்டும் என்பதற்காகத்தான் அங்கே மெல்லிய கம்பியை வைக்கிறோம். முனிரத்தினம் இரண்டு தடவை என்னைத் திட்டினான். அதன்பிறகு அவன் எதிரில் செய்வதை நிறுத்திக்கொண்டேன்.

ஓரிக்கை போகும் வழியில் ஒரு பட்டு முறுக்கு மில் இருந்தது. தறிக்குப் போகும் பட்டு நூலை முறுக்கேற்றித் தருகிற இடம். ஆறேழு பெண்கள் வேலை செய்வார்கள். ஆடி மாதம், முனிரத்தினம் நடவுக்காக லீவில் போயிருந்தான். மில்லில் இரண்டு கட்டைகளில் ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போகிறது என்று ஆள் வந்தது. தனியாகப் போனேன். மில் முதலாளி வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், கோபம் வந்தால் அது வெளியே வரும்.

"ஏமய்யா, காலையிலேந்து மூணு தடவ நின்னுடுச்சு. ஆவணி முகூர்த்தத்துக்கு நூல் கேட்டு தறிக்காரங்க வாசல்ல நிக்கறாங்க. எதனா பண்ணு!"

ஒரே நாளில் மூன்று தடவை ஃபியூஸ் போகிறது என்றால், எங்கோ கம்பியின் மேலுறை கெட்டுவிட்டது என்று அர்த்தம். உட்கார்ந்து தேடியிருக்க வேண்டும். தேடினால் அரைநாள் மில் நிற்கும். நான் அந்த இரண்டு கட்டையிலும் பத்துப் பத்து இழைச் சரிகையை முறுக்கிக் கட்டினேன். மில் ஓடியது, அதற்குப் பிறகு நிற்கவே இல்லை. முதலாளி என் தோளில் தட்டி, "தங்கத்துலயே ஃபியூஸ் போட்டுட்டாரும்மா!" என்று அந்தப் பெண்களிடம் சொன்னார். அவர்களும் சிரித்தார்கள்.

மறுநாள் வந்து மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். மறந்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். நன்றாகத்தானே ஓடுகிறது, எதற்குத் தொட வேண்டும் என்று விட்டுவிட்டேன். மூன்று வாரம் அந்த மில் அப்படியே ஓடியது. சுவருக்குள் கம்பி சூடேறிக் கருகிக்கொண்டே இருந்திருக்கிறது.

மூன்றாவது வாரம் ஒரு நாள் எனக்குத் திருப்புட்குழியில் பெண் பார்க்கும் ஏற்பாடு. மாலை நாலு மணிக்குப் போக வேண்டும். வேலை முடிந்து அப்படியே போய்விடலாம் என்று மெட்ராஸில் தைத்த டெரிலின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். இளநீல நிறம், இஸ்திரி மடிப்பு கலையாது. அந்தக் காலத்தில் டெரிலின் போட்டவனுக்குத் தரையில் கால் பாவாது. பதினோரு மணிக்கு அதே மில்லிலிருந்து ஆள் வந்தது. இந்த முறை முனிரத்தினமும் கூட வந்தான்.

"மோட்டாரு ஒரு மாதிரி உறுமிச்சு, அப்பிடியே நின்னுடுச்சு. நானே மெயின எறக்கிட்டேன்" என்றார் முதலாளி.

முனிரத்தினம் மோட்டாரைப் பார்க்கப் போனான். என்னிடம், "நீ பொட்டியத் தொறந்து கட்டை மூணும் நல்லா இருக்குதா பாரு" என்றான். பெட்டியைத் திறந்து கட்டைகளை உருவினேன். ஒன்றில் சரியான கம்பி. மற்ற இரண்டில் என் சரிகை. சிவப்பு நூல் பழுப்பேறியிருந்தது, ஆனால் இழை அறுந்திருக்கவில்லை. என் பையில் அன்றைக்கு ஃபியூஸ் கம்பி இருந்தது. மாற்றுவதற்கு ஐந்து நிமிடம் போதும். ஆனால் மாற்றினால் முனிரத்தினம் பார்த்துவிடுவான். முதலாளி பக்கத்திலேயே நின்று, என்னைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

கட்டைகளைத் திரும்பச் செருகிப் பெட்டியைச் சாத்தினேன். "மூணும் நல்லா இருக்குதுபா. எதுவும் போவல" என்றேன்.

மோட்டார் தண்டில் பட்டுக் கழிவு நூல் சுற்றிக்கொண்டிருந்ததை முனிரத்தினம் அறுத்து எடுத்திருந்தான். கையைத் துடைத்துக்கொண்டு வந்து என்னைப் பார்த்துக் கேட்டான்: "போன தடவ நீதான வந்துட்டுப் போன? இன்னா கம்பி போட்டிருக்கிற?"

"சரியான கம்பிதாம்பா."

அவன் நம்பினான். நம்பாமல் என்ன செய்வான், ஜோடியாக வேலை செய்கிறவன். சரியான கம்பி போகாமல் இருக்கிறது என்றால் ஷார்ட் எதுவும் இல்லை, நூல் சிக்கித்தான் மோட்டார் உறுமியிருக்கிறது என்று அவன் கணக்குப் போட்டான். என் வார்த்தை உண்மையாக இருந்திருந்தால் அவன் கணக்கும் சரிதான். அப்படியும் தன் வழக்கத்தை அவன் விடவில்லை. "அம்மா, நீங்கல்லாம் செத்த வெளிய போய் நில்லுங்கமா" என்று பெண்களை அனுப்பினான். முதலாளியையும் அனுப்பினான். நான் பெட்டிக்கு எதிரே நின்றுகொண்டிருந்தேன்.

"நீயும் அந்தாண்ட போ. நைலான் துணியப் போட்டுக்கினு இங்க நிக்காத" என்றான்.

"டெரிலின்பா இது!"

"எதுவோ ஒண்ணு. உருகிச்சுன்னா தோலோட ஒட்டிக்கும். பொண்ணு பாக்கப் போறவன்தான? போய் வாசல்ல நில்லு, போ."

நான் சிரித்துக்கொண்டே வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்தபடி நின்றேன். அவன் சுவரோடு ஒட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, இடது கையால் கைப்பிடியைத் தள்ளினான்.

வெளிச்சம்தான் முதலில் வந்தது. உச்சி வெயிலில் நிற்கிற எனக்கு முன்னால், எதிர் வீட்டுச் சுவரில் என் நிழல் விழுந்தது. அதற்குப் பிறகுதான் சத்தம். உள்ளே பெட்டியின் இரும்புக் கதவு கீலோடு பிய்ந்துபோய் எதிர்ச் சுவரில் அடித்துக் கிடந்தது. கொஞ்சம் முன்னால் நான் நின்ற இடம் பெட்டிக்கும் அந்தச் சுவருக்கும் நடுவில்தான் இருந்தது. முனிரத்தினம் சுவரோரம் சரிந்து உட்கார்ந்திருந்தான். இடது சட்டைக் கை கரியாகியிருந்தது. "கண்ணு தெரியலப்பா. எனக்குக் கண்ணு தெரியல" என்றான்.

ஓடிப்போய் அவனைத் தூக்கத் துடித்த காலை நிறுத்தி, முதலில் மீட்டர் பலகையைப் பார்த்தேன். அங்கிருந்த ஃபியூஸ்களும் எரிந்து மின்சாரம் மொத்தமாக நின்றிருந்தது. அது தெரிந்தபிறகுதான் அவனைத் தொட்டேன். அன்று நான் ஒழுங்காகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

அவனுக்கு ஷாக் அடிக்கவே இல்லை. இதைத்தான் நீங்கள் ஆர்க் ஃபிளாஷ் என்கிறீர்கள். மின்சாரம் கம்பியை விட்டுக் காற்றுக்குள் பாய்கிறது. அந்தச் சூட்டில் செம்பு ஆவியாகிறது, பெட்டி வெடிக்கிறது. எட்டி நிற்பவனையும் அது சுடும். சுவருக்குள் கருகிய கம்பி அதற்குள் ஷார்ட்டாகியிருந்தது. சரியான ஃபியூஸ் கம்பி இருந்திருந்தால் கைப்பிடியைத் தள்ளிய மாத்திரத்தில் உருகி, டப்பென்று ஒரு சின்னச் சத்தத்தோடு முடிந்திருக்கும். என் சரிகை உருகாமல் பிடித்துக்கொண்டது. அந்த நேரத்துக்குள் எல்லாம் நடந்துவிட்டது.

பெரியாஸ்பத்திரியில் அவன் இரண்டு கண்ணையும் துணி வைத்துக் கட்டினார்கள். மூன்று நாள் கழித்துப் பிரித்தால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார் டாக்டர். கருகிய சட்டைக் கையைக் கத்தரித்து எடுத்தபோது துணி தனியாக வந்தது, உள்ளே தோல் சிவந்து கொப்பளித்திருந்தது, அவ்வளவுதான். டாக்டர் என் சட்டையை ஒரு பார்வை பார்த்து, "இந்தத் துணியா இருந்தா தோலோட சேர்ந்து வந்திருக்கும்" என்றார். நான் திருப்புட்குழிக்குப் போகவில்லை. ஆள் அனுப்பிச் சொல்லவும் தோன்றவில்லை.

முனிரத்தினத்தின் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தது. "அண்ணே, கண்ணு வந்துடும்ல? அவ்ளோ ஜாக்கிரதையா இருப்பாரே, எப்பிடிண்ணே இப்பிடி ஆச்சு?" என்று என்னைத்தான் கேட்டது. என்னால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. தெரியலம்மா என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்குப் போய்விட்டேன். அன்றைக்கு அது என் இரண்டாவது பொய்.

மறுநாள் காண்டிராக்டர் வந்தார். மில் முதலாளியிடம் விசாரித்துவிட்டு ஒரு முடிவோடுதான் வந்திருந்தார். மெயினைப் போட்டவன் முனிரத்தினம். சரியாகச் சோதிக்காமல் போட்டிருக்கிறான். இனி அவனை வேலைக்கு வைத்துக்கொள்ள முடியாது, லைசென்ஸை ரத்து செய்யவும் எழுதிவிடப் போகிறேன் என்றார். கண் வந்தாலும் அவனுக்குப் பிழைப்பு இருக்காது. சரிகை முழுதும் உருகிக் காணாமல் போய்விட்டது, கட்டைகள் தூள் தூளாகக் கிடந்தன. சரிகையில் தப்பு இருக்கிறது என்பதே மில் முதலாளிக்குத் தெரியாது; என் வாயைத் தவிர வேறு சாட்சி கிடையாது. அன்று முழுக்க அந்த வாய் திறக்கவில்லை. வேலை போய்விடும், ஊரில் சிரிப்பார்கள், பெண் தர மாட்டார்கள் என்று பயந்தேன். கோழைத்தனம் என்றால் என்னவென்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். அது முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவிட்ச் போடுவதல்ல.

மூன்றாம் நாள் காலை காண்டிராக்டர் வாக்குமூலம் எழுதிக்கொள்ளக் காகிதத்தோடு வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். கண்கட்டை இன்னும் பிரித்திருக்கவில்லை. முனிரத்தினத்தின் மனைவி காலடியில் நின்றுகொண்டிருந்தது.

"சார், தப்பு என்னுது" என்றேன். "கட்டையில நான் சரிகைய முறுக்கிப் போட்டிருந்தேன். இன்னா கம்பின்னு இவன் கேட்டான். நான் பொய் சொல்லிட்டேன்."

"சரிகையா?" என்றார் அவர். பேனாவை மூடிவிட்டார். கட்டிலில் இருந்துதான் குரல் வந்தது.

"இப்பதான் சொல்றியாபா?"

"உனக்குத் தெரியுமா?"

"கீழ சாஞ்சப்பவே தெரியும். கண்ணுதான் போச்சு, மூக்கு இருக்குதில்ல. பொட்டிக்குள்ளேந்து பட்டு எரிஞ்ச வாசன வந்துச்சு. ஃபியூஸ் கட்டையில பட்டு எங்கேந்துபா வரும்? இந்த ஊர்ல சரிகையில ஃபியூஸ் போடற ஆளு எத்தினி பேரு?"

பட்டு எரிந்தால் தலைமுடி கருகிய வாசனை வரும். புடவை நூலைப் பிரித்துக் கொளுத்திப் பார்த்துத்தான் அசல் பட்டா என்று எங்கள் ஊரில் சோதிப்பார்கள். அந்த வாசனை தெரியாத ஆள் காஞ்சிபுரத்தில் இல்லை. தறிக்கார வீட்டில் பிறந்த எனக்கு அது உறைக்கவில்லை, முசரவாக்கத்து விவசாயிக்குத் தெரிந்திருந்தது.

"அப்புறம் ஏன்பா சொல்லல? வேலையே போயிருக்குமே!" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"நான் சொன்னா கோள் சொன்ன மாதிரி. நீயா சொன்னாதான் உன்னோட இன்னொரு தடவ ஒரே பொட்டிகிட்ட நான் நிக்க முடியும். சொல்றானா பாக்கலாம்னு காத்துக்கினு இருந்தேன். கண்ணக் கட்டிப் போட்டுட்டாங்க, எனக்கும் வேற வேல இல்ல."

அவன் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தது. அதை நான் இங்கே எழுத மாட்டேன். பட வேண்டியதுதான்.

மத்தியானம் கண்கட்டைப் பிரித்தார்கள். வலது கண் நன்றாகத் தெரிந்தது. இடது கண்ணில் ஒரு வாரம் புகை மூட்டமாக இருந்து பிறகு தெளிந்தது. பிரித்ததும் அவன் முதலில் மனைவியைப் பார்த்தான், குழந்தையைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். நான் காக்கிப் பருத்திச் சட்டை போட்டிருந்தேன். "சட்டைய மாத்திட்டியா? ஷோக்கா இருக்குது" என்றான்.

காண்டிராக்டர் என்னை இரண்டு மாதம் வீட்டில் உட்கார வைத்தார். நியாயம்தான். முனிரத்தினத்தின் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் திரும்பி வந்ததும் செய்த முதல் வேலை அந்த மில்லின் கம்பி முழுவதையும் மாற்றியதுதான். அவன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். சுவர்க் குழாயிலிருந்து பழைய கம்பியை உருவியபோது, ஈரம் கோத்த இடத்தில் மேலுறை பொடிப்பொடியாக உதிர்ந்தது. வேலை முடிந்து, "எல்லாம் சரியான கம்பிதாம்பா" என்றேன்.

"சொல்லாத. காட்டு" என்றான்.

கட்டை மூன்றையும் உருவி அவன் உள்ளங்கையில் வைத்தேன். அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல் ஜோடியாக வேலை பார்த்தோம். மெயினைப் போடுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் அவன் கேட்பான், நான் உருவிக் காட்டுவேன். நான் கேட்டால் அவனும் காட்டுவான். இரண்டு பேரும் பெட்டியின் ஓரமாக ஒதுங்கி நின்று, முகத்தைத் திருப்பிக்கொள்வோம். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். நாங்களும் சிரிப்போம்.

திருப்புட்குழிப் பெண் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நடந்ததெல்லாம் கேள்விப்பட்டுப் பெண்ணின் அப்பா நேரே முசரவாக்கத்துக்குப் போய், கையில் கட்டோடு இருந்த முனிரத்தினத்திடம், "பையன் எப்பிடிப்பா? பொய் கிய் சொல்லுவானா?" என்று விசாரித்திருக்கிறார்.

"ஒரு தடவ சொன்னான், அதுல என் கையே வெந்துச்சு. அப்புறம் அவனா வந்து ஒத்துக்கினான். தைரியமாக் குடுங்க. ஆனா எது சொன்னாலும் காட்டச் சொல்லுங்க" என்றானாம் இவன்.

மாமனார் அதை வீட்டில் போய் அப்படியே சொல்லிவிட்டார். இத்தனை வருடம் கழித்து இன்று காலையிலும், "மாத்திர போட்டுக்கினீங்களா?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. போட்டாயிற்று என்றேன்.

"காட்டுங்க" என்றாள். எழுந்துபோய், அட்டையில் காலியான குழியைக் காட்டிவிட்டு வந்துதான் இதை எழுதி முடிக்கிறேன்.